எட்டடிக்கு மூன்றடிப் பாத்தியில் என்ன வைக்கலாம்?

கேள்வி: மதுரையில் வீடு கட்டிப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். மேற்குப் பார்த்த வீடு. வாசலில் வடக்குக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி எட்டடி நீளம், மூன்றடி அகலத்துக்குச் செடி வைக்க இடம் விட்டிருக்கிறோம். காலையில் வீட்டு நிழல், பதினோரு மணிக்கு மேல் சாயங்காலம் வரை வெயில். ஒரு ஓரம் மட்டும் போர்டிகோ நிழலில் இருக்கிறது. போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன், விதை போட வேண்டும் என்று நச்சரிக்கிறான். நர்சரியில் ரோஜா, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், பெட்டுனியா என்று பத்துப் பன்னிரண்டு வகை காட்டினார்கள். அதிகம் மெனக்கெடாமல் வருடம் முழுக்க வண்ணமாக இருக்க எதை வாங்கலாம்?

பதில்:

பத்து வகை வேண்டாம். உங்களிடம் இருப்பது 24 சதுர அடி. அதில் வகைக்கு ஒன்றாகப் பத்துச் செடி வைத்தால், ஒன்று தண்ணீர் கேட்கும், இன்னொன்று அதே தண்ணீரில் அழுகும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் கிடையாது. நான்கு வகையை எடுத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டம் கூட்டமாக வையுங்கள். ஒரே நிறத்தில் ஏழு செடி சேர்ந்து நின்றால் கேட்டைத் திறக்கும்போதே கண்ணில் படும்.

எந்த நான்கு என்பதற்கு முன்னால் ஒன்று யோசிக்கச் சொல்வேன். நீங்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள்? காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறவர்கள் என்றால், அந்த இரண்டு நேரத்திலும் விரிந்திருக்கும் பூதான் உங்களுக்குப் பூ. இதை நர்சரியில் யாரும் கேட்க மாட்டார்கள். டேபிள் ரோஸ் என்கிற பத்துமணிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வெயிலையும் தாங்கும், சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, ரோஸ் என்று அத்தனை நிறத்திலும் கிடைக்கும், தண்ணீரே கேட்காது. எல்லோரும் முதலில் சொல்லும் செடி அது. ஆனால் நேர் வெயில் பட்டால்தான் விரியும், மாலைக்குள் மூடிவிடும். காலையில் வீட்டு நிழல் விழும் உங்கள் பாத்தியில் அது நடுப்பகலில்தான் கண் திறக்கும். நீங்கள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அதனால் உங்களுக்கு முதல் செடி நித்தியகல்யாணி. விரிந்த பூ இரவிலும் மூடாது, சில நாள் அப்படியே நிற்கும். அது உதிர்வதற்குள் பக்கத்தில் அடுத்தது வந்திருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிடிக்காது, கேட் திறந்து கிடந்தாலும் கவலையில்லை. தென் மாவட்டங்களில் இலைக்கும் வேருக்குமாக இதை மானாவாரியில் பயிராகவே போடுகிறார்கள் என்றால் வறட்சி தாங்கும் குணத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும்.

இதில் இரண்டு தினுசு விற்கிறார்கள். ஒன்று நாட்டுச் செடி. ரோஸ் கலந்த ஊதாவிலும், வெள்ளையிலும், வெள்ளையில் நடுப்பொட்டுச் சிவப்பாகவும் வரும். இரண்டடிக்கு மேலேகூட வளரும். இன்னொன்று வின்கா என்று சொல்லி விற்கும் ஹைபிரிட் குட்டைச் செடி. பெரிய பூ, அடர்த்தியான நிறம், பார்த்ததும் வாங்கத் தோன்றும். ஐப்பசி மழையில் இந்த இரண்டாவதுதான் முதலில் போகும். காலையில் இலை தொங்கியிருக்கும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், இரண்டே நாளில் அடித்தண்டு கறுத்து விழுந்துவிடும். வேர் அழுகல் அது. நாட்டுச் செடிக்கும் தண்ணீர் தேங்கினால் இதே கதிதான், ஆனால் அவ்வளவு சீக்கிரம் சாகாது. நாட்டுச் செடியையே நடுங்கள். நட்டபின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராக நிற்கும். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் விதை தானே விழுந்து கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும், மறுபடி வாங்க வேண்டியதில்லை.

பையன் இருப்பதால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள். அவ்வளவு வீரியமான சரக்கு இலையிலேயே இருக்கிறது. அதனால் இலை, பூ எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லிவையுங்கள். யாராவது சர்க்கரைக்கு நல்லது, இலையை மெல்லுங்கள் என்றால் நீங்களும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது அந்திமந்தாரை. நீங்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் அதுவும் விழிக்கும். மாலை நாலு, ஐந்து மணிக்கு விரிய ஆரம்பித்து மறுநாள் காலை வெயில் ஏறும்வரை நிற்கும். உங்கள் பாத்தியில் காலை நிழல் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் நேரமே நிற்கும். வாசனையும் உண்டு. ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் கலந்து, சில பூ பாதிப் பாதியாகவும் வரும். ஆனால் ஒன்றே ஒன்று போதும், அதுவும் தெருப் பக்கம் இருக்கும் மேற்கு மூலையில். மண்ணுக்குள் கிழங்கு விட்டு மேலே மூன்றடிக்குப் பரவும் செடி அது, விட்டால் பாத்தி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மிளகு மாதிரி கறுப்பாக விழும் விதையை அவ்வப்போது பொறுக்கிவிடுங்கள். அந்த விதையும் வயிற்றுக்கு ஆகாது. செடி ஒல்லியாகி அசிங்கமாகப் போனால் தரையோடு வெட்டிவிடலாம், கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

மூன்றாவது போர்டிகோ நிழல் ஓரத்துக்கு. அங்கே வெயில் செடி வைத்து ஏமாற வேண்டாம். கனகாம்பரம் வையுங்கள். பாதி நிழலில் நன்றாகவே பூக்கும், அந்த ஆரஞ்சு நிறம் நிழலில் பளிச்சென்று தெரியும். தலைக்கு வைக்கவும் ஆயிற்று. டெல்லிக் கனகாம்பரம் என்று கேட்டு வாங்கினால் பூ பெரிதாக இருக்கும், அது விதை வைக்காது, தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். நாட்டுக் கனகாம்பரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் காய் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். உங்கள் பையன் வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து வெடிக்க வைப்பான், அதற்காகவே நாட்டுக் கனகாம்பரத்தைச் சொல்கிறேன். மூன்று கன்று போதும். கூடவே ஒரு டிசம்பர் பூச் செடி வைத்தால் கார்த்திகை, மார்கழியில் ஊதா நிறம் கிடைக்கும். மற்ற மாதங்களில் அது வெறும் பச்சைப் புதர்தான், பூ முடிந்ததும் பாதிக்கு வெட்டிவிடுங்கள்.

நான்காவதை வாங்க வேண்டாம், விதைக்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன், அது பையனுடைய பங்கு.

சிமென்ட் தரையை ஒட்டிய முன்வரிசை மட்டும் மிச்சம். அங்கே சூடு அதிகம், தாங்குவதற்குப் பத்துமணிப் பூவைவிட நல்ல செடி இல்லை. பூவை நீங்கள் பார்க்கும் நேரம் குறைவு என்றாலும் தரையை மூடும் விரிப்பாக இருக்கும். இதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும், விரல் நீளத்துக்கு நாலைந்து நிறத்தில் கிள்ளி வாங்கி வந்து ஈர மண்ணில் செருகினால் பத்து நாளில் வேர் பிடித்துவிடும். நடுநடுவே மழை லில்லிக் கிழங்கு பத்து புதைத்துவையுங்கள். கோடை முழுக்கப் புல் மாதிரி கிடக்கும், முதல் நல்ல மழை பெய்த சில நாளில் மொத்தமாக ரோஸ் நிறத்தில் எழும்பும். வருடத்தில் அந்தச் சில நாட்களுக்காகவே வைக்கலாம்.

இனி நர்சரியில் காட்டியவை. ரோஜாவை இந்தப் பாத்தியில் வைக்காதீர்கள். கவாத்து, உரம், பூச்சி மருந்து என்று வாரா வாரம் கை கேட்கும் செடி அது, உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாது. பெட்டுனியா மார்கழி, தை, மாசியின் குளிருக்கு மட்டும். பங்குனியில் மதுரை வெயில் ஏறியதும் முடிந்துவிடும். பொங்கலுக்கு வாசலில் இரண்டு தொட்டி வைக்க ஆசைப்பட்டால் வாங்குங்கள், நிரந்தரச் செடியாக நினைக்க வேண்டாம். குரோட்டன்ஸ் நல்ல செடி, பூ இல்லாமலேயே நிறம் தரும், ஆனால் அகல இலை வகைகள் ஆள் உயரம் போகும். மெல்லிய நீள இலை உள்ள வகை ஒன்று மட்டும் பின்னால் சுவரோரம் வைத்துக்கொள்ளலாம். வெட்டினால் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இட்லிப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள், ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகிறது என்று கேட்கிறார்கள். உற்றுப் பார்த்தால் இலை முழுவதும் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். புது இலையில்தான் முதலில் தெரியும். அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த மண் காரத்தன்மைக்கு மாறிவிடுகிறது, அந்த மண்ணிலிருந்து வேரால் இரும்பை எடுக்க முடிவதில்லை. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். மழை அதிகமுள்ள மேற்குக் கடற்கரையில் அது வேலியிலேயே செழித்து நிற்பதற்கும், புதிதாகப் பூசிய காம்பவுண்டுச் சுவரோரம் சோர்ந்து நிற்பதற்கும் இதுதான் காரணம். ஆசைப்பட்டு வாங்கினால் குட்டை ரகத்தைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட், இரும்பு உப்பு) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் இறங்கியபின் இலையில் தெளியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதை இதற்கு ஊற்றலாம், அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் திரண்டு அதில்தான் வருகிறது.

இப்போது மண். செடியைவிட இதில் நீங்கள் செய்யும் ஒரு நாள் வேலைதான் பலன் தரும். வீடு கட்டும்போது அந்த இடத்தில்தான் மணல் சலித்திருப்பார்கள், கலவை போட்டிருப்பார்கள், கடைசியில் மிச்சத்தையெல்லாம் கொட்டி மேலே இரண்டு சட்டி மண் பரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். கடப்பாரையால் ஒரு அடி குத்திப் பாருங்கள். செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கட்டி, டைல்ஸ் சில், பெயின்ட் டப்பா மூடி எல்லாம் வரும். ஒரு அடி ஆழத்துக்கு முழுவதும் வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வற்றினால் சரி, மறுநாளும் நின்றால் கீழே கலவை இறுகியிருக்கிறது, கடப்பாரையால் இன்னும் உடைக்க வேண்டும்.

நிரப்ப மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். பாத்தி தரையைவிட அரை அடி உயரமாக இருக்கட்டும், சுற்றி ஒரு வரி செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உயரம்தான் ஐப்பசி, கார்த்திகையில் நித்தியகல்யாணியைக் காப்பாற்றும். ஒன்றரை அடி ஆழத்துக்கு மொத்தம் 36 கன அடி வருகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் தேவை. முழு லோடு இறக்கிவிட்டுப் போனால் மிச்ச மண்ணை எங்கே வைப்பீர்கள்? பக்கத்தில் யாராவது வீடு கட்டினால் அங்கே கேட்டுப் பாருங்கள். பச்சைச் சாணி கலக்காதீர்கள், சூட்டில் வேர் வெந்துவிடும். இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூள் செய்து கலந்துவிட்டால் மண்ணில் இருக்கும் புழு பூச்சித் தொல்லை குறையும்.

நர்சரியில் கன்று எடுக்கும்போது பூ நிறைய இருப்பதை எடுக்காதீர்கள். அடியிலிருந்தே மூன்று நாலு கிளை பிரிந்ததும், பை அடி ஓட்டையில் வேர் சுருண்டு வெளியே வராததுமாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பையைக் கிழித்தால் உள்ளே செம்மண் உருண்டை கல்லாக இறுகியிருக்கும். அப்படியே குழிக்குள் வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிவிடும், பாத்தி ஈரமாக இருக்கும், செடி வாடும். தினமும் தண்ணீர் ஊற்றியும் செத்துப்போனது என்று வருத்தப்படுகிற பல செடிகளுக்கு நடந்தது இதுதான். பையோடு கால் மணி நேரம் வாளித் தண்ணீரில் முக்கிவைத்து, பிறகு கிழித்து, உருண்டையின் ஓரத்தை விரலால் லேசாக உதிர்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் நடுங்கள்.

இடைவெளி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நித்தியகல்யாணி ஏழு, நடு வரிசையில் அடிக்கு ஒன்றாக. முதல் மாதம் இடைவெளி வெறுமையாகத் தெரியும், மூன்றாம் மாதம் மண்ணே தெரியாது. அதுவரை காய்ந்த இலையையோ, பிய்த்துப்போட்ட தேங்காய் மட்டை நாரையோ பரப்பிவையுங்கள். ஈரமும் நிற்கும், களையும் குறையும்.

தண்ணீர் முதல் இரண்டு வாரம் தினமும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேர் பிடித்தபின் வாரம் இரண்டு முறை போதும். சித்திரை, வைகாசியில் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஊற்றினால் ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். தினம் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், உப்பும் மேலேயே பூத்துவிடும். மண்மேல் வெள்ளையாகப் படிந்தால் அது போர் தண்ணீர் உப்புத்தான், நல்ல மழை ஒன்று கழுவிக்கொண்டு போகும். மாவுப்பூச்சி வெள்ளையாகத் தெரிந்தால் ஹோஸ் பைப்பை அழுத்திப் பிடித்துத் தண்ணீரிலேயே அடித்துவிடுங்கள். திரும்ப வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் போதும்.

அக்னி நட்சத்திரத்தில் எதையும் நட வேண்டாம். இப்போது வெயில் காலம் என்றால் மண் வேலையை மட்டும் முடித்துவைத்துவிட்டு ஆடி வரை பொறுங்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பூச்செடிக்கும் பொருந்தும்.

அந்த ஆடியில் பையனுக்குச் சுவரோரப் பின்வரிசையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அவன் விதைக்க மூன்று இருக்கின்றன: கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி. தெற்கே கேந்தி என்பார்கள் கடைசியை. மூன்றுமே பகல் இரவு என்று பார்க்காமல் விரிந்தபடி நிற்கும், அதனால் உங்கள் நேரக் கணக்குக்கும் சரியாக வரும். விதைப் பாக்கெட்டும் வாங்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கால் கிலோ செண்டுமல்லி வாங்கி, நன்கு முற்றிய பூவாகப் பார்த்து நிழலில் காயவைத்துப் பிரித்தால் அடியில் மெல்லிய கறுப்புக் குச்சியும் அதன் நுனியில் வெளுத்த வாலுமாக விதை இருக்கும். எல்லாம் முளைக்காது, ஒரு கைப்பிடி தூவினால் தேவைக்கு மேல் முளைக்கும். செண்டுமல்லி வேரிலிருந்து வரும் ஒரு பொருள் மண்ணில் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும், கனகாம்பரத்துக்கு அந்தப் புழு பெரிய எதிரி. அதனால் கனகாம்பரத்துக்குப் பக்கத்திலும் இரண்டு செண்டுமல்லி நிற்கட்டும்.

கோழிக்கொண்டைக்கு யாரிடமாவது முற்றிய கொண்டை ஒன்று கேட்டு வாங்கி, வெள்ளைத் தாளில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கடுகைவிடச் சின்னதாக, பளபளவென்று கறுப்பு விதை கொட்டும். இது கீரை இனம், அதனால் கீரை விதைப்பது மாதிரியே மணலில் கலந்து தூவி, மேலே மண் மெலிதாகத் தூவினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. முதல் பத்து நாள் பூவாளியால் மட்டும் தண்ணீர், ஹோஸ் வைத்தால் விதை அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் சேரும். நாலு இலை வந்ததும் முக்கால் அடிக்கு ஒன்றாக விட்டு மற்றதைப் பிடுங்கச் சொல்லுங்கள். பிடுங்க மனசு வராது அவனுக்கு, அவற்றைத் தொட்டியில் நட்டுப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம். ஆடியில் தூவியது புரட்டாசி வாக்கில் பூக்கத் தொடங்கும், ஆயுத பூஜைக்குக் கதவில் கட்ட வீட்டுப் பூவே இருக்கும். வாடாமல்லியைக் காம்போடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் நிறம் மாறாமல் மாதக்கணக்கில் இருக்கும். மார்கழி முடிவில் மூன்றும் காய்ந்துவிடும். பிடுங்குவதற்கு முன் அடுத்த ஆடிக்கான விதையை உதிர்த்து, காகித உறையில் போட்டு, மேலே அவன் கையால் பெயரும் மாதமும் எழுதச் சொல்லி எடுத்துவையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். வெறுமையான அந்த வரிசையில் மாசி, பங்குனிக்குச் சிவப்புத் தண்டுக்கீரை தூவிவிடலாம். இலை நிறமும் அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் குழம்புக்கும் ஆகும்.